எனக்கு மட்டும் பிழை காட்டும் பிறசர் மெசின்

சரவணை,
ஆவணி மாதம், வியாழக்கிழமை,
காலை 9.40 மணி.

அன்புள்ள மச்சான் நடராசாவுக்கு,

உமது அத்தான் ஆழ்வாப்பிள்ளை எழுதிக்கொள்வது. நயினை அம்மாளின் கிருபையால் நானும் உமது அக்கா மனோகரியும் இங்கு சுகம். எவ்வளவு சுகம் என்பதைக் கீழே இலக்கத்தில் தந்திருக்கிறேன். ரொறன்ரோவில் நீரும் மேனுகாவும் பிள்ளைகளும் இதைவிடக் குறைந்த இலக்கத்தில் நெடுங்காலம் இருக்கவேண்டும் என்று அம்மாளை மன்றாடுகிறேன்.

வட்ஸ்அப்பில் சொல்லக்கூடிய விசயத்தை அத்தான் ஏன் முத்திரை ஒட்டி அனுப்புகிறார் என்று யோசிப்பீர். வட்ஸ்அப்பில் நான் கதைத்தால் பக்கத்தில் உமது அக்கா நிற்பா, நான் ஒன்று சொல்ல அவ இரண்டு சொல்லுவா, அதற்குள் லைன் அறுந்துபோகும், நீர் அங்கே "ஓம் அத்தான், ஓம் அத்தான்" என்று எதற்கு ஓம் சொன்னீர் என்று எனக்கும் விளங்காது, உமக்கும் விளங்காது. அதோடு கீழே வரும் இலக்கங்களில் சில அவவின் காதில் விழக்கூடாது. மேலும் இது ஒரு முறைப்பாடு. முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும். முப்பத்திரண்டு வருசம் பஸ் நிலையத்தில் ரைம்கீப்பராக இருந்தவனுக்கு அதுகூடத் தெரியாதா?

விசயம் இதுதான். வைகாசியில் நீர் பார்சலில் அனுப்பிய, இரத்த அழுத்தம் பார்க்கும் பிறசர் மெசின் பழுதாகிவிட்டது. முழுப் பழுது என்று சொன்னால் பொய். உமது அக்காவுக்குச் சரியாகக் காட்டுகிறது. வேலிக்கு அங்காலே இருக்கிற நாகபூசணிக்கும் சரியாகக் காட்டுகிறது. எனக்கு மட்டும் பிழையாகக் காட்டுகிறது. பெண்களுக்கென்று செய்த மெசினை உமக்குத் தள்ளிவிட்டார்களோ தெரியாது. வாங்கின கடைத் துண்டு இருந்தால் கொண்டுபோய்க் காட்டி, ஆம்பிளைகளுக்கும் சரியாக வேலை செய்கிற ஒன்றாக மாற்றி அனுப்பவும். நடந்தது முழுவதையும் ஒழுங்காக எழுதுகிறேன், கடைக்காரன் கேட்டால் நீர் இங்கிலிசில் சொல்லலாம்.

உமது அக்காவுக்குப் பிறசர் என்பது உமக்குத் தெரிந்ததுதான். நாலு வருசமாகக் கிளினிக்குக்குப் போகிறா. எங்கட ஆசுப்பத்திரியில் மாதத்தின் முதல் செவ்வாய் கிளினிக். காலை ஐந்தரைக்குப் போய் வரிசை வாங்கில் இருந்தால்தான் நல்ல நம்பர் கிடைக்கும், எட்டுக்குப் பிறசர் பார்ப்பார்கள், பத்தரைக்கு டொக்டர், பதினொன்றுக்கு மருந்து. நேரமெல்லாம் அவ சொன்னது. நான் போனதில்லை. எனக்குப் பிறசர் இல்லை.

எனக்குப் பிறசர் இல்லை என்பதை இந்த இடத்தில் தெளிவாகப் பதிய வேண்டும், ஏனென்றால் முறைப்பாடு முழுவதும் அதில்தான் நிற்கிறது. ஒன்றரை வருசத்துக்கு முந்தி, பங்குனித் திருவிழாவுக்கு வந்த மருத்துவ முகாமில் ஒரு பெடியன் டொக்டர் என்னை மறித்து இருத்தி, கையில் பட்டியைச் சுற்றி, 182 என்றான். நான் அப்போதுதான் தேர் வடம் பிடித்துவிட்டு வந்தனான், கொளுத்துகிற வெயில், வெறும் வயிறு, ஒலிபெருக்கி வேறு காதுக்குள்ளே. "ஐயா, இது சரியாக் கூடிப்போச்சு, கிளினிக்குக்கு வாங்கோ, மருந்துக் குளிசை துடங்க வேணும்" என்று ஒரு துண்டு எழுதித் தந்தான். பஸ்ஸை நிமிசம் பிசகாமல் விட்டவனுக்குப் பிறசரோ? அந்தத் துண்டை அந்த இடத்திலேயே நாலாய்க் கிழித்துக் கோயில் வீதியில் எறிந்துவிட்டு வந்தேன். உமது அக்கா பின்னாலே நின்று பார்த்தா, சண்டை பிடிக்காமல் மெல்ல வந்து சேர்ந்தா. அது அவவின் நல்ல குணம்.

அதுவரைக்கும் அவவுக்குக் காலையில் ஒரு குளிசை, பிறசரும் நல்ல கட்டுப்பாடு. அந்தப் பங்குனிக்குப் பிறகு என்ன நடந்ததோ தெரியாது, கிடுகிடு என்று ஏறத் துடங்கிவிட்டது. கிளினிக்கில் டொக்டர் கம்சிகா என்று ஒரு பிள்ளை, நல்ல பிள்ளை, ஆனால் விடாக்கண்டி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று இரண்டாக்கினா. பிறகும் இறங்கவில்லை. "உப்பைக் குறையுங்கோ அம்மா" என்றா. உமது அக்கா உப்புப் போத்தலைத் தூக்கிப் பரணில் வைத்தா. கறியில் உப்பு குறையவில்லை. ஏன் என்று பார்த்தால், கிணறு. நீர் இங்கே இருந்த காலத்தில் ஆவணி, புரட்டாதியில்தான் எங்கட கிணறு உவர்க்கும். இப்போது மாசியிலேயே வாயில் வைக்க ஏலாது. நல்ல தண்ணீர் பவுசர் வண்டியில் கிழமைக்கு இரண்டு தரம் வருகிறது. எந்த நாள், எத்தனை மணி என்று ட்றைவரிடம் கேட்டேன். "வரேக்கை வரும் ஐயா" என்றான். வரேக்கை வரும்! ஒரு பஸ்ஸுக்கு நான் அப்படிச் சொல்லியிருந்தால் சனம் என்னை உயிரோடு விட்டிருக்குமா? பவுசர் வரும் நேரம் வீட்டில் நிற்கிற ஆளுக்கு நல்ல தண்ணீர், வேலைக்குப் போன ஆளுக்குக் கிணற்றுத் தண்ணீர். "டொக்டர் எனக்குச் சொல்லுறா, கிணத்துக்கு ஆர் போய்ச் சொல்லுறது?" என்று உமது அக்கா கேட்டா.

இப்படி இருக்கத்தான் வைகாசியில் உமது மெசின் வந்தது. அன்று முதல் தினமும் காலை ஆறரைக்கு நான் முதலில் என் கையில் கட்டிப் பார்ப்பேன், பிறகு அவவுக்குப் பார்ப்பேன். எனக்குப் பார்ப்பது எனக்காக அல்ல, மெசின் சரியாக நிற்கிறதா என்று சரிபார்க்க. நான் 128, அவ 168. நான் 126, அவ 172. வைகாசி, ஆனி, ஆடி மூன்று மாதமும் இதேதான். ஊரில் எனக்கு நிகரான பிறசர் இல்லை என்று சந்தியில் நின்று நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்களுக்குக் கொஞ்சம் புத்திமதியும் சொன்னேன். உமது அக்காவுக்குத் தினமும் சொன்னேன். "குளிசை போடுற உமக்கு நூற்றியெழுபது, ஒண்டும் போடாத எனக்கு நூற்றியிருபத்தெட்டு. எல்லாம் மனக் கட்டுப்பாடு, மனோகரி." அவ சிரித்துக்கொண்டு போய்விடுவா. "ஓம், உங்கட மனக் கட்டுப்பாடுதான்" என்பா. கேட்க எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

இனி ஆடிச் செவ்வாய்க்கு வருகிறேன். கடைசிக் கிளினிக் நாளும் ஆடிச் செவ்வாயும் ஒரே நாளில் வந்தன. உமது அக்கா விரதம். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஐந்தரைக்கு வாங்கில் போய் இருந்து, பத்து ஐம்பதுக்கு டொக்டருக்கு முன்னாலே போயிருக்கிறா. பிறசர் 174. டொக்டர் கம்சிகா அவவின் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு போட்டும் இறங்காதெண்டால் நீங்கள் போடேல்லை அம்மா, எனக்கு முன்னாலை இண்டைக்குப் போடுங்கோ" என்று நேர்ஸிடம் சொல்லி, புதிதாக எழுதின ஒன்றையும் சேர்த்து மூன்று குளிசை, ஒரு கிளாஸ் தண்ணீர். விரதம் என்று சொன்னால் ஏச்சு விழும், போடுகிறேன் என்று சொல்லிப் போடாதது தெரிந்தால் அதைவிட ஏச்சு விழும் என்று பயந்து, அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மூன்றையும் விழுங்கியிருக்கிறா. பதினொன்றரைக்குப் பஸ் தரிப்பிடத்தில் வெயிலுக்குள்ளே நின்றவ, பதினொன்று நாற்பத்தைந்துக்கு விழுந்தா. ஓட்டோக்கார சவிரிமுத்து கண்டு, தூக்கி ஏற்றித் திரும்ப ஆசுப்பத்திரிக்கே கொண்டுபோய்விட்டு எனக்குப் போன் எடுத்தான். "ஐயா, பதறாதையுங்கோ, மூச்சு இருக்கு" என்றான். ஆறுதல் சொல்லுகிற முறையைப் பாரும்.

நெற்றியில் மூன்று தையல். கண்ணை மூடிக் கிடந்தா. முகம் வெளிறி, கை சில்லென்று இருந்தது. நான் எத்தனை மணிக்கு ஆசுப்பத்திரி வாட்டுக்குள் போனேன் என்று தெரியாது, குறிக்கவில்லை. பயந்துபோனேன் மச்சான், அவ்வளவுதான். நாற்பத்தொரு வருசம் ஒருத்தி பக்கத்தில் நடமாடித் திரிகிறா, அவ படுத்தால் வீடு எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

பின்னேரம் சேலைன் ஏறிக் கண் திறந்தா. டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தா. கோபம் இல்லை, அவவுக்கும் முகம் காய்ந்துதான் இருந்தது.

"அம்மா, ரெண்டு குளிசை ஒரு வருசமாப் போடுற ஆள் இப்பிடி விழமாட்டா. உண்மையைச் சொல்லுங்கோ. வீட்டிலை எத்தினை போடுறனீங்கள்?"

"அரை."

"அரையோ? அப்ப மிச்சம்?"

"இரவுக் குளிசையிலை பாதி எனக்கு, பாதி பக்கத்து வீட்டு நாகபூசணிக்கு."

நாகபூசணியை உமக்குத் தெரியும், புருசன் இல்லாதவ, இரண்டு பொம்பிளைப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறா. நண்டுக் கொம்பனியில் நண்டு உடைக்கிற வேலை. ஆறு பத்துக்கு வான் வந்து ஏற்றும், பின்னேரம் ஐந்தரைக்குக் கொண்டுவந்து இறக்கும். கிளினிக் செவ்வாய், வேலையும் செவ்வாய். ஒருநாள் நின்றால் அன்றைய சம்பளம் இல்லை, இரண்டு நாள் நின்றால் அவவின் இடத்தில் வேறு ஆள். பட்டணத்தில் காசு கொடுத்துப் பார்க்க வசதி இல்லை. பவுசர் வரும்போதும் அவ வீட்டில் இல்லை, ஆகவே கிணற்றுத் தண்ணீர்தான். போன வருசம் பிடரி உளைவு, கண் மங்கல் என்று வேலியடியில் நின்று உமது அக்காவுக்குச் சொல்லியிருக்கிறா. எங்கட வழக்கம் தெரியும்தானே, பக்கத்து வீட்டிலிருந்து கறி வந்தால் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுக்கவேண்டும். உமது அக்கா கடதாசியில் சுற்றி அரைக் குளிசையைப் போட்டிருக்கிறா. அன்றிலிருந்து வேலியில் ஓட்டையாய்ப் போன பொட்டுக்குள்ளாலே ஒவ்வொரு பின்னேரமும் கிண்ணம் போய் வந்திருக்கிறது. நான் முன்விறாந்தையில் கதிரை போட்டு இருந்து போகிற வருகிற பஸ்ஸுக்கெல்லாம் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், குசினிப் பக்கம் ஓடினது எனக்குத் தெரியாது.

டொக்டர் விடவில்லை. "சரி, இரவுக் குளிசை பாதி பாதி. அப்ப காலமைக் குளிசை?"

உமது அக்கா என்னைப் பார்த்தா. பிறகு கூரையைப் பார்த்தா. "அது போட மறந்து போறனான்" என்றா.

டொக்டர் அதை நம்பினா. நான் நம்பவில்லை. மறந்தால் மிச்சம் இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்து லாச்சி, தகரப் பேணி, சாமி அறை எல்லாம் தேடினேன், ஒரு குளிசை மிச்சம் இல்லை. ஆகவே காலை வண்டி தினமும் புறப்பட்டிருக்கிறது, ஆனால் ஒரு இடமும் போய்ச் சேரவில்லை. கேட்டால், "கோழி கொத்திப்போட்டுதாக்கும்" என்கிறா. ஒன்றரை வருசம் தினமும் குளிசை கொத்தின கோழி இன்னும் முட்டை இடுமா? இந்தக் கணக்கு இன்றுவரை தீரவில்லை, நீர் அடுத்த முறை கதைக்கும்போது மெல்ல விசாரித்துப் பாரும்.

டொக்டர் கம்சிகா நல்ல ஒழுங்கு ஒன்று செய்தா. நாகபூசணிக்குத் தனிக் கொப்பி. ஒருமுறை ஆள் நேரே வந்து காட்டவேண்டும், அதற்கு டொக்டர் ஒருநாள் காலை ஐந்தே முக்காலுக்கு வான் வருகிற சந்திக்குத் தானே வந்து நின்று பார்த்தா, நான் அந்தப் பிள்ளைக்கு மனத்துக்குள்ளே ஒரு கும்பிடு போட்டேன். இனி மாதாமாதம் உமது அக்கா இரண்டு கொப்பியையும் கொண்டுபோய் இரண்டு பேருக்கும் மருந்து எடுக்கலாம், ஆனால் நாகபூசணியின் கொப்பியில் கிழமைக்கு ஒருமுறை பிறசர் எழுதியிருக்கவேண்டும். "வீட்டிலை மெசின் இருக்கோ?" என்று கேட்டா. "இருக்கு, நான் பார்த்து எழுதுவன்" என்றேன். ஞாயிறு தவிர நாகபூசணிக்கு நேரமில்லை, ஞாயிறும் உடுப்புத் தோய்ப்பு, ஆகவே ஒழுங்கைத் தெருவால் சுற்றி வரச் சொல்லவில்லை. காலை ஐந்து ஐம்பதுக்கு வேலிக்கு அங்காலே வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருப்பா, பொட்டுக்குள்ளாலே கையை நீட்டுவா, நான் இங்காலே பட்டியைக் கட்டிப் பார்ப்பேன். முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். "எத்தினை அண்ணை?" என்று வேலி கேட்கும். முதல் கிழமை 166, இப்போது 146. உமது அக்கா இப்போது 138. பாரும், பெண்களுக்கு எவ்வளவு ஒழுங்காக இறங்குகிறது.

வீட்டிலும் ஒழுங்கு கொண்டுவந்தேன். குளிசைப் பேணியை அலுமாரிக்குள்ளே வைத்துப் பூட்டித் திறப்பை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். காலை ஏழு ஐந்துக்கு ஒன்று, இரவு ஏழு ஐந்துக்கு ஒன்று, நானே எடுத்துக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அங்காலே போக விடுவேன். முதல் நாளிலிருந்தே அவவுக்கு அந்தத் திறப்பில்தான் கண். "இஞ்சேருங்கோ, திறப்பை ஒருக்காத் தாங்கோ, சேலை எடுக்க வேணும்." சேலையை நானே எடுத்துக் கொடுத்தேன். "இந்தச் சேலை இல்லை, மற்றது." மற்றதையும் எடுத்துக் கொடுத்தேன். ஆறு நாளில் ஒன்பது சேலை மாற்றினா, கலியாண வீட்டில்கூட அப்படிக் கண்டதில்லை. போன கிழமை நாகபூசணி அனுப்பின கடலைக் கிண்ணத்துக்குள்ளே கடதாசியில் சுற்றின அரைக் குளிசை ஒன்று! கொடுத்தது திரும்பி வருகிறதாம். இரண்டு பேரையும் வேலிக்கு இரண்டு பக்கத்திலும் நிற்க வைத்து ஏசிவிட்டு, அதைப் பறித்துப் பேணிக்குள்ளே போட்டேன். நாகபூசணி, "அண்ணை, அது அக்காவுக்கு இல்லை" என்று துடங்கினா, உமது அக்கா "ஸ்ஸ்" என்றா, அவ வாயை மூடிக்கொண்டா. பெண்களின் கதை எனக்கு எதற்கு, நான் உள்ளே வந்துவிட்டேன்.

இந்த ஒழுங்கினால் வந்த நன்மை ஒன்றையும் சொல்லவேண்டும். ஒன்றரை வருசமாக உமது அக்காவின் காலைத் தேத்தண்ணியில் ஒரு கைப்பு. தேயிலை சரியில்லை என்று கடைக்காரனோடு இரண்டு தரம் சண்டை பிடித்தேன், பிறகு ஆட்டுப் பாலில் பிழை என்றேன். இப்போது அந்தக் கைப்பு முழுக்க இல்லை. ஒரு வீட்டில் ஒழுங்கு வந்தால் தேத்தண்ணிகூடத் திருந்தும்.

இனித்தான் முறைப்பாடு. நான் அலுமாரியைப் பூட்டின கிழமையில் மெசின் கெட்டது. என் கையில் காட்டின இலக்கங்களைப் பழைய பஸ் அட்டவணைத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் நாள் 128. மூன்றாம் நாள் 139. ஐந்தாம் நாள் 150. பற்றரி மாற்றினேன், 157. உப்புக் காற்றுப் பட்டிருக்கும் என்று துணியால் துடைத்து, அரிசிப் பானைக்குள்ளே ஒரு இரவு வைத்து எடுத்தேன், 169. இடக் கையை விட்டு வலக் கையில் கட்டினேன், 176. இன்று காலை 184. அதே நிமிசம் உமது அக்காவுக்குக் கட்டினால் 138. ஆம்பிளைக்குப் பிழை என்று இதைவிட எப்படி நிரூபிப்பது? இரண்டு நாளாக எனக்குப் பிடரிக்குள்ளே ஒரு இடி, படியேறினால் கண்ணுக்குள்ளே பூச்சி பறக்கிறது, அது புதுத் தலையணையின் வேலை, மெசினோடு சம்பந்தம் இல்லை. இந்த இலக்கத்தை உமது அக்காவுக்குச் சொல்லவில்லை. நெற்றியில் தையல் காயவில்லை, மெசின் காட்டுகிற பொய்க்கு அவ ஏன் வீணாகப் பயப்படவேண்டும்? அவ கேட்டால் "128தான்" என்கிறேன். அவ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பா, பிறகு, "ஒருக்காக் கிளினிக்குக்கு வாங்கோவன்" என்பா. பஸ் நேரத்துக்கு ஓடுகிறபோது டிப்போவில் ஏன் ஏற்றுவான் என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன்.

ஆகவே மச்சான், மெசினைக் கெதியாக மாற்றி அனுப்பவும். நாகபூசணியின் கொப்பி இந்த மெசினை நம்பித்தான் ஓடுகிறது, இன்று ஆம்பிளைக்குக் கெட்டது நாளைக்குப் பொம்பிளைக்கும் கெட்டால் அவவின் ஒழுங்கு குழம்பிப்போகும். உமது அக்காவிடம், அத்தான் சொல்லுகிறபடி கேட்டு நடக்கச் சொல்லி ஒரு சொல் சொல்லவும். எழுபது வயதில் மருந்து இல்லாமல், கண்ணாடி இல்லாமல், மனக் கட்டுப்பாட்டில் நிற்கிற ஒரு மனிதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ படிக்கவில்லை என்பதுதான் எனக்கு மனவருத்தம்.

மேனுகாவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் லவனும் கோபிகாவும் கல்வியிலும் குணத்திலும் ஓங்கி, குளிரில் தடிமன் பிடிக்காமல், உப்பும் பொரியலும் குறைத்துச் சாப்பிட்டு, பெற்றாரின் பேச்சைக் கேட்டு நூறாண்டு வாழ நயினை அம்மாள் துணை நிற்பாளாக.

இப்படிக்கு,
உமது அன்பு அத்தான்,
க. ஆழ்வாப்பிள்ளை
(ஓய்வுபெற்ற ரைம்கீப்பர்)

பின்குறிப்பு, அடுத்த செவ்வாய் எழுதியது:

மேலே இருப்பதில் என் பெயரையும் முகவரியையும் விட்டு மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வாசிக்கவும். புதிதாக எழுதியிருப்பேன், ஆனால் இவ்வளவையும் திரும்ப எழுதினால் பிறசர் ஏறும் என்று உமது அக்கா விடவில்லை. மெசினை மாற்றவேண்டாம். மெசின் சரி.

வியாழன் கடிதத்தைக் காற்றுக்குப் பறக்காமல் மெசினுக்குக் கீழே வைத்துவிட்டுப் பவுசர் சத்தம் கேட்டு வாளியோடு ஓடினேன். திரும்பி வர, உமது அக்கா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிறா. 184 என்ற இடத்தில் விரல். அழுதுகொண்டிருந்தா. "உது உண்மையோ?" என்றா. "மெசின் பிழை" என்றேன். "மெசின் பிழையில்லை. திறப்பைத் தாங்கோ" என்றா. இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

அலுமாரியைத் திறந்து, கூறைச் சேலை மடிப்புக்குள்ளேயிருந்து ஒரு கடதாசியை எடுத்தா. அந்த முகாம் பெடியன் எழுதித் தந்த துண்டு. நான் நாலாய்க் கிழித்துக் கோயில் வீதியில் எறிந்தது. பொறுக்கிக்கொண்டு வந்து சோற்றால் ஒட்டி வைத்திருக்கிறா. என் பெயர், வயது, 182, "மருந்து கட்டாயம்". மற்றது உமக்கு விளங்கியிருக்கும், எனக்குத்தான் விளங்க இவ்வளவு நாள் சென்றது. அந்தப் பங்குனியிலிருந்து அவவின் ஒற்றைக் குளிசையில் பாதி என் தேத்தண்ணியில். டொக்டர் இரண்டாக்கினதும் காலைக் குளிசை முழுவதும் அரைத்து என் தேத்தண்ணியில். எனக்கு ஒன்று, நாகபூசணிக்கு அரை, தனக்கு அரை. காலை வண்டி தினமும் போய்ச் சேர்ந்த இடம் என் வயிறு. 128 என்னுடைய மனக் கட்டுப்பாடு அல்ல, அவவின் மருந்து. அன்று பஸ் தரிப்பிடத்தில் அவ விழுந்ததும் அதனால்தான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"சொன்னா நீங்கள் போடுவியளே? துண்டைக் கிழிச்ச ஆள். உங்களுக்கு ஏதும் நடந்திட்டா, என்ர பிறசர் இறங்கி நான் என்ன செய்யிறது?"

மச்சான், எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அந்த வாட்டில் அவவின் கையைப் பிடித்தபோது வந்த பயம் திரும்ப வந்தது. குளிசையை இனித் தேத்தண்ணியில் போடவேண்டாம், கையில் தாரும் என்று மட்டும் சொன்னேன்.

இன்று கிளினிக். ஐந்தரைக்கு வாங்கில் போய் இருந்தேன், நம்பர் பதினேழு. உமது அக்கா பதினாறு. டொக்டர் கம்சிகா எனக்கு ஒரு புதுக் கொப்பி எடுத்து, ஒட்டின அந்தத் துண்டை முதல் பக்கத்தில் குத்திவிட்டு, பேனையைத் திறந்தா.

"ஐயா, முந்தி எப்பவாவது பிறசருக்கு மருந்து போட்டனீங்களோ?"

"ஒண்டரை வருசமாய்ப் போட்டனான்."

"ஒழுங்காப் போட்டனீங்களோ?"

பக்கத்தில் நெற்றித் தழும்போடு இருந்தவவைப் பார்த்தேன்.

"இவ வாட்டிலை படுத்திருந்த நாளும் நான் அலுமாரி பூட்டின நாளும் தவிர, ஒரு நாளும் தவறேல்லை" என்றேன்.